கொட்டகையில் படுத்திருந்தவர்கள் என்ன பார்த்தார்கள்?

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று. பழைய குற்றப் படங்களையும், கதை நாவல்களிலிருந்து எடுத்த வழக்கத்துக்கு மாறான படங்களையும் எங்கிருந்து தொடங்கிப் பார்ப்பது? மூலக் கதையை முன்னால் வாசிப்பதா, பின்னால் வாசிப்பதா? என்றாவது நம் ஊரை வைத்து ஒரு குறும்படம் எடுக்க ஆசை, அதற்கு எந்தப் படம் கைகொடுக்கும்? வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் பத்துப் படங்களின் பெயரை எழுதி அனுப்பியிருப்பேன். நீங்கள் என்னைப் போலவே மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பிள்ளை. தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டியவர்கள் (பாலுக்காகப் பட்டையைக் கீறுவதை நாம் அப்படித்தான் சொல்வோம்) என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நான் எங்கே உட்கார்ந்து இந்தப் படங்களைப் பார்த்தேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் படம் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் தொடங்குகிறது. வில்லியம் வைலர் 1940இல் இயக்கிய 'தி லெட்டர்'. நிலா வெளிச்சம். பால் மரத்திலிருந்து பால் சொட்டுகிறது. கேமரா மெல்ல நகர்ந்து ஒரு கொட்டகைக்கு வருகிறது. உள்ளே தூளிபோல் கட்டிய படுக்கைகளில் தொழிலாளர்கள் கிடக்கிறார்கள். திடீரென்று துப்பாக்கிச் சத்தம். வெள்ளைக் கிளி ஒன்று பதறிப் பறக்கிறது. பங்களா வாசலில் ஓர் ஆண் தடுமாறி வருகிறான். அவன் பின்னால் ஒரு பெண் கையை நீட்டியபடி வந்து, குண்டு தீரும்வரை சுடுகிறாள். அந்தப் பெண்ணாக நடித்தவர் பெட்டி டேவிஸ். படம் முழுக்க ஹாலிவுட் ஸ்டுடியோவுக்குள் போட்ட தோட்டம்தான். ஆனாலும் அந்த முதல் சில நிமிடங்களுக்கு ஈடான தொடக்கத்தைக் குற்றப் படங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்தப் படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டியபோது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. பதினான்கு வயதிலிருந்து பால் மரம் வெட்டியவர். முதல் காட்சியிலேயே, "ராத்திரியில் எங்கே பால் இப்படிச் சொட்டும்?" என்று கேட்டுவிட்டார். அவர் சொன்னது சரி. மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருப்பது விடியலுக்கு முன்னால்தான். அதனால்தான் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் (தனக்கு ஒதுக்கிய மர வரிசையில்) இறங்கினார்கள். வெயில் ஏற ஏறப் பால் நின்றுவிடும். பகலுக்குள் மங்குகளை (பால் சேரும் கிண்ணங்களை) வடித்துப் பால் ஸ்டோருக்குத் தூக்கியாக வேண்டும். இரவில் மங்கில் கிடப்பது உறைந்த கட்டிப்பால் மட்டுமே. படத்தில் தெரிந்தது வெள்ளைக்காரர் கண்ணுக்கு அழகான தோட்டம். கொஞ்ச நேரம் கழித்து அம்மா இன்னொன்றும் கேட்டார்: "கொட்டகையில் படுத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்களே. அவர்களை யாரும் விசாரிக்கவில்லையா?"

யாரும் விசாரிக்கவில்லை. சுட்டவள் துரையின் மனைவி. தன்னைப் பலாத்காரம் செய்ய வந்தவனைச் சுட்டதாகச் சொல்கிறாள். வழக்கறிஞர் வருகிறார், கணவர் வருகிறார், அவள் எழுதிய ஒரு கடிதம் பத்தாயிரம் வெள்ளிக்கு (டாலருக்கு) விலை பேசப்படுகிறது. சத்தம் கேட்டு எழுந்த அந்தத் தொழிலாளர்களுக்குக் கதையில் அதற்குப் பிறகு வேலையே இல்லை. அம்மாவின் அந்தக் கேள்விக்குப் பிறகு நான் குற்றப் படம் பார்க்கும் விதமே மாறிவிட்டது. கொலை செய்தது யார் என்பதில் எனக்கு இருந்த ஆர்வம் வடிந்துபோனது. பார்த்தது யார், பார்த்தவர் வாய் திறந்தாரா, திறக்காவிட்டால் ஏன் என்பதையே தேடத் தொடங்கினேன். உங்களுக்கு நான் சொல்லப்போகிற எல்லாப் படங்களும் இந்த ஒரு கேள்விக்காகத் தேர்ந்தெடுத்தவை.

'தி லெட்டர்' சாமர்செட் மாம் எழுதிய சிறுகதையிலிருந்து வந்தது. 1926இல் வெளியான அவருடைய 'தி காசுவரினா ட்ரீ' தொகுப்பில் இருக்கிறது. அதற்கும் அடியில் ஓர் உண்மைக் கொலை உண்டு. 1911 ஏப்ரல் 23 அன்று கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் தற்காலிகத் தலைமையாசிரியரின் மனைவி எதெல் பிரவுட்லாக், வில்லியம் ஸ்டூவர்ட் என்ற சுரங்க நிர்வாகியைத் தன் வீட்டு வராந்தாவில் சுட்டுக் கொன்றார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு சிலாங்கூர் சுல்தான் மன்னித்து விடுவித்தார். அந்த வழக்கில் ஒரு சாட்சி இருந்தார். ஸ்டூவர்ட்டை ஏற்றிவந்து வாசலில் காத்திருந்த ரிக்‌ஷாக்காரர். சத்தத்தைக் கேட்டவர், அடிபட்டவன் தள்ளாடி வெளியே வந்ததையும் பின்னால் அந்தப் பெண் துப்பாக்கியோடு வந்ததையும் கண்ணால் பார்த்தவர். மாம் கதை எழுதியபோது ரிக்‌ஷாக்காரரை விட்டுவிட்டார். அவர் கதை சிங்கப்பூரில் வழக்கறிஞரின் அலுவலகத்தில் தொடங்குகிறது. கொலையைப் பிறர் வாய்மொழியாகத்தான் கேட்கிறோம். வைலர் அந்தக் கொட்டகையை வைத்ததால், பார்த்த கண்கள் வேறு உருவத்தில் படத்துக்குள் திரும்பி வந்துவிட்டன. தெரிந்து செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்தக் கண்கள் அங்கே இருக்கின்றன.

முடிவில் படம் தோற்றுவிடுகிறது. கொலை செய்தவர் தண்டனை பெறாமல் போகக் கூடாது என்று அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை விதி சொன்னது. அதனால் படத்தில் அவளும் கொல்லப்படுகிறாள். கதையில் வரும் சீனப் பெண், படத்தில் இறந்தவனின் கலப்பின மனைவியாக மாற்றப்பட்டதும் அதே விதியால்தான். மாமின் கதையில் சுட்டவள் உயிரோடு, விடுதலையாகி, எல்லோர் முன்னாலும் முகத்தைச் சரிசெய்துகொண்டு நிற்கிறாள். அது பயங்கரமானது. ஆக, தொடக்கத்துக்குப் படம், முடிவுக்குக் கதை. முதலில் படத்தைப் பார்த்துவிட்டுக் கதையை வாசியுங்கள்.

அடுத்தது அகிரா குரோசவாவின் 'ராஷோமான்', 1950. ரியுனோசுகே அகுதாகவாவின் இரண்டு சிறுகதைகளைச் சேர்த்து எடுத்தது. ஒரு காட்டில் சாமுராய் ஒருவன் இறந்து கிடக்கிறான். கொள்ளைக்காரன், இறந்தவனின் மனைவி, ஆவியாக வந்து பேசும் இறந்தவன், மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். இதில் மூலக்கதையை முதலில் வாசிப்பது நல்லது. சில பக்கங்கள்தான். கதையில் விறகுவெட்டி பிணத்தைக் கண்டெடுத்தவன், அவ்வளவே. குரோசவா அவனை முழு நிகழ்வையும் மறைந்திருந்து பார்த்தவன் ஆக்குகிறார். அதோடு விடவில்லை. பிணத்தருகே கிடந்த விலையுயர்ந்த குத்துவாளை எடுத்துக்கொண்டதால்தான் அவன் விசாரணையில் வாய் திறக்கவில்லை என்று காட்டுகிறார். பார்த்தவனின் கையிலும் அழுக்கு இருக்கிறது. நாவலையோ கதையையோ படமாக்குவது என்றால் இதுதான். எழுத்தாளர் திறந்துவைத்துவிட்டுப் போன ஒரு கதவுக்குள் நுழைந்து, அவர் பார்க்காத அறையைப் பார்ப்பது.

இந்த இடத்தில் நம் 'அந்த நாள்'. வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். நிறுவனம் 1954 தமிழ்ப் புத்தாண்டுக்கு வெளியிட்டது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. அன்றைய தமிழ் சினிமாவில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று இன்று நினைத்துப் பார்ப்பதே கடினம். வானொலி எஞ்சினியரான ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனின் காதலி, மனைவி என்று ஒவ்வொருவர் சொல்லிலும் கொலை ஒவ்வொரு மாதிரி விரிகிறது. ராஜனாக சிவாஜி கணேசன், மனைவி உஷாவாக பண்டரிபாய். திரைக்கதை வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். மாருதி ராவின் ஒளிப்பதிவில் அந்த வீட்டின் நிழல்களுக்கே தனியாக ஒரு பாத்திரம் கொடுக்கலாம்.

இதை நான் பார்த்தது பத்து வயதில், தோட்டத்துத் திடலில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய வெள்ளைத் துணியில். பாதிப் படத்தில் பெண்கள் சிலர் "பாட்டே வராதா?" என்று கேட்டு எழுந்து போனார்கள். எழாமல் இருந்தவர்கள் மறுநாள் ஒட்டுக்கடையில் (சிறிய சாப்பாட்டுக் கடையில்) சண்டை போட்டார்கள். எதற்கென்று கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட நேரத்தில் நடக்கும் கதை அது. ராஜன் ஜப்பானியருக்கு உளவு சொல்பவன். தன் அறிவை மதிக்காத நாடு என்ற கசப்பில் அந்தப் பக்கம் போனவன். சென்னையில் பார்த்தவர்களுக்கு அவன் துரோகி, அத்தோடு முடிந்தது. எங்கள் தோட்டத்தில் அப்படி முடியவில்லை. சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போன அண்ணனைத் திரும்பப் பார்க்காதவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஜப்பான் என்ற சொல்லையே அவரால் பொறுக்க முடியாது. அவர் பக்கத்திலேயே நேதாஜியின் படையில் பயிற்சி எடுத்த பெரியவர் உட்கார்ந்திருந்தார். சென்னையில் குண்டு விழுந்தது அக்டோபர் 11. பத்தே நாளில், அக்டோபர் 21இல், நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார், ஜப்பானியர் துணையோடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணும் அந்தப் படையில் சேர்ந்தார்கள். "ராஜன் துரோகி என்றால் நான் யார்?" என்று அந்தப் பெரியவர் கேட்டதை நான் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. ஒரே படம் இரண்டு கரையில் இரண்டு படமாக இருக்க முடியும் என்று அன்றே தெரிந்துகொண்டேன். இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்களில் மலாயாக் கரையிலிருந்து பார்த்து எழுதியவர் என் கண்ணில் படவில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு.

பாலசந்தர் பிறகு 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) எடுத்தார். முதலாவதில் வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கைமாறிக்கொண்டே போகிறது. இரண்டாவது அகதா கிறிஸ்டியின் பாணியில் ஒரு வீட்டுக்குள் விழும் கொலைகள். இரண்டும் திறமையான படங்கள். 'அந்த நாள்' தந்த கனத்தை அவை எனக்குத் தரவில்லை. அதற்கும் முன்னால், 1950இல், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலிலிருந்து மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'திகம்பர சாமியார்' இருக்கிறது. நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டு நாயகனாக நடித்த படம் என்பதற்காகவே ஒருமுறை பார்க்கலாம்.

'புதிய பறவை'யை (1964) அப்படிக் கடந்துபோக முடியாது. ஆங்கிலப் படம் ஒன்றின் தாக்கத்தில் உருவான வங்காளப் படம் ஒன்றிலிருந்து தமிழுக்கு வந்த கதை. தாதா மிராசி இயக்கியது. சிவாஜி, சரோஜா தேவி, சௌகார் ஜானகி. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் சென்னைக்குப் போகும் பணக்காரன் கோபால். அவனுடைய இறந்த முதல் மனைவி சித்ரா அங்கே மேடைப் பாடகி. தமிழ்நாட்டில் அந்தச் சிங்கப்பூர் தூரத்துக் கனவு. எங்களுக்கோ ரயில் ஏறினால் வந்துவிடும் ஊர். படத்தில் வரும் தண்டவாளத்தைப் பார்த்தாலே எங்கள் ஊர் ரயில் நிலையம்தான் மனதில் வரும். அந்த நெருக்கத்தால் படம் எங்களை வேறு மாதிரி அழுத்தியது. முடிவைச் சொல்லமாட்டேன். நான் தேடுகிற சாட்சி இதில் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். குற்றத்தைப் பார்த்தவர் உலகத்தில் ஒருவர்தான். அது கோபாலே. அவன் வாயைத் திறக்க வைப்பது அடியோ மிரட்டலோ இல்லை, அன்பு. அதனால்தான் சிவாஜி உடைந்து பேசும் அந்த இடம் இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

இனிச் சொல்லப்போவது எனக்கு எளிதான படம் அல்ல. 'யாருக்காக அழுதான்', 1966. ஜெயகாந்தன் தன் குறுநாவலைத் தானே படமாக்கினார். அதற்கு முந்தைய ஆண்டு 'உன்னைப்போல் ஒருவன்' எடுத்துத் தேசிய விருதும் பெற்றிருந்தார். ஒரு லாட்ஜில் எடுபிடி வேலை செய்யும் ஜோசப், நாகேஷ் நடித்தது. அவனுடைய முழியே திருட்டு முழி என்று ஊர் பெயர் வைத்துவிட்டது. ஒரு சேட்டின் பணம் காணாமல் போகிறது. பழி அவன் மேல் விழுகிறது. அடிக்கிறார்கள். அவன் அழவில்லை. எப்போது அழுகிறான் என்பதுதான் கதை. சிரிக்க வைக்கும் நாகேஷைப் பார்க்க வந்தவர்கள் சிரிக்க வழியில்லாமல் திகைத்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் 1967இல் ஸ்டோரிலிருந்து ஒட்டுப்பால் (மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர்) மூட்டை ஒன்று காணாமல் போனது. லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கடைசி வீட்டில் தனியாக இருந்த ஒருவர் மேல் சந்தேகம் விழுந்தது. அவருக்குத் திக்குவாய். கேட்ட கேள்விக்கு உடனே பதில் வராததே குற்றத்துக்கு ஆதாரமாகிவிட்டது. இரண்டே நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். மூட்டையை எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். விடியலில் ஆற்றுப் பக்கம் போனபோது, சைக்கிளில் அதைக் கட்டிக்கொண்டு போனவனைப் பார்த்தேன். கங்காணி வீட்டுப் பையன். எனக்கு வயது பதினொன்று. சொன்னால் அப்பாவுக்கு நல்ல நிரை கிடைக்காது என்று தெரியும் வயதுதான். சொல்லவில்லை. என்னைப் போல் வேறு யாரும் பார்த்திருப்பார்களா என்று பல ஆண்டு யோசித்திருக்கிறேன். பார்த்திருப்பார்கள். லயத்தில் எட்டு வீடு அடுத்தடுத்து இருக்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுகிறவர்கள். ஜோசப்பைச் சுற்றி நின்ற கூட்டத்தைத் திரையில் பார்த்தபோது அதில் என் முகத்தைத் தேடினேன். இந்தப் படத்துக்கு மட்டும் கதையை முன்னால் வாசிப்பதா பின்னால் வாசிப்பதா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடுங்கள்.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) குற்றப் படங்களின் பட்டியலில் வராது. நான் அங்கேதான் வைக்கிறேன். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு விதையை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொரு மரம் வளர்த்தார். கதையில் தேடினால் படம் கிடைக்காது. சுந்தரவடிவேலு என்ற கொடுமைக்காரனின் அட்டூழியங்களை ஊர் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எல்லோரும் சாட்சி, எல்லோரும் மௌனம். கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றுக்குக் கொண்டுபோகிறது, தானாக இறங்கு என்கிறது. இறங்கும் முன் அவன், உங்களையும் என்னைப் போல் ஆக்கிவிட்டதுதான் நான் செய்ததில் பெரிய பாவம் என்ற பொருளில் பேசுகிறான். நேற்றுவரை சாட்சி, இன்று கொலைகாரர். கரையில் நிற்கும் இரண்டு குழந்தைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு எழுதும் கை நிற்கிறது. பாலு மகேந்திராவின் 'மூடுபனி'யும் (1980) ராஜேந்திரகுமார் நாவலை வைத்து எடுத்ததே. அழகான படம், இளையராஜாவின் நூறாவது படம், ஒளிக்காகவே பாருங்கள். ஆனால் அது கொலைகாரனின் மனத்துக்குள்ளேயே வாழ்கிறது. செத்துப்போன பெண்களைப் பற்றிப் பேச அதில் ஆளில்லை.

வெற்றிமாறனிடம் வந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்த நாவல். சிதம்பரம் என்ற பதினைந்து வயதுப் பையன், அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்டிவிட நினைக்கிறான். ஆள் செத்துவிடுகிறான். அதன் பிறகு பையனும் அய்யாவும் காட்டிலும் மலையிலும் மறைந்து திரிகிற எட்டு நாட்கள். அவ்வளவுதான் நாவல். கிடைத்ததைச் சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள், பேசுகிறார்கள். கொலையை விடச் சோறு பெரிதாக நிற்கும் எழுத்து. 2019இல் வந்த 'அசுரன்' இதை எடுத்துக்கொண்டு, தகப்பனுக்கு ஒரு இளமைக்காலத்தைப் புதிதாகக் கொடுத்தது. செருப்பு போட்டதற்காக அடிபடும் பெண், தீ வைக்கப்படும் குடிசைகள். அந்தத் தீ நாவலில் இல்லை. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்த நினைவிலிருந்து வந்தது அது. (அந்த நிகழ்விலிருந்து பிறந்த இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலை வைத்து ஸ்ரீதர் ராஜன் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' எடுத்திருக்கிறார். கிடைத்தால் விடாதீர்கள்.) தனுஷின் நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது நியாயமே. ஆனாலும் என் மனம் நாவல் பக்கம்தான். படம் தகப்பனைப் பெரியவனாக்கியபோது பையன் சுருங்கிவிட்டான். நாவலில் அந்த எட்டு நாளையும் நாம் பையனின் கண்ணால் பார்க்கிறோம். கொன்றவனே சாட்சியாகவும் இருக்கும் அபூர்வமான கதை. அதை முதலில் வாசியுங்கள், பிறகு படம்.

'விசாரணை'க்கு நேர் எதிர். படத்தை முதலில் பாருங்கள். கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், 1983இல் குண்டூரில் தானே பட்டதை எழுதிய 'லாக்கப்'தான் மூலம். பிழைக்கப் போன தமிழ்த் தொழிலாளர்கள். பூங்காவில் படுத்துத் தூங்குகிறார்கள். ஒருநாள் போலீஸ் அள்ளிக்கொண்டு போகிறது. கேட்கிற கேள்வி தெலுங்கில், பதில் தமிழில். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்வரை அடி. 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு அங்கே அம்னஸ்டி இண்டர்நேஷனல் அமைப்பின் விருதையும் பெற்றது. புத்தகம் படத்தின் முதல் பாதியோடு நின்றுவிடும். இரண்டாம் பாதி வெற்றிமாறன் எழுதியது. அதில் அந்த அப்பாவிகள், பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிடுகிறார்கள். அதற்கு மேல் நான் சொல்லவேண்டியதில்லை. படம் முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் பழைய தோட்டத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் இப்போது குலை வெட்டும் வங்காளதேசத்துப் பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். எங்கள் லயம் இருந்த இடத்தில்தான் அவர்களுக்கு விடுதி. அவர்கள் ஏதாவது பார்த்தால் எந்த மொழியில் யாரிடம் சொல்வார்கள்?

நம் நாட்டுப் படம் ஒன்று இல்லாமல் இந்தப் பதில் நிறைவு பெறாது. சஞ்சய் குமார் பெருமாள் எழுதி இயக்கிய 'ஜகாட்', 2015. மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வென்ற முதல் தமிழ்ப் படம். தொண்ணூறுகளின் தொடக்கம். தோட்டம் கைவிட்டதால் புறம்போக்கு வீடுகளுக்கு வந்துசேர்ந்த குடும்பம். பன்னிரண்டு வயது அப்போய், படிப்பைத் திணிக்கும் அப்பா, குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா. நாவலிலிருந்து வந்ததல்ல. ஆனால் ஒரு தலைமுறை எழுத மறந்த நாவலை வாசிப்பது போல் இருக்கும். பிள்ளைகள் எப்படி அந்தப் பக்கம் போனார்கள் என்று பத்திரிகைகள் கேட்டுக்கொண்டிருந்தபோது, பார்த்துக்கொண்டே நின்றவர்கள் யார் என்று கேட்ட படம். குறும்படம் எடுக்கும் எண்ணத்தோடு இதை இரண்டு முறை பாருங்கள். இரண்டாம் முறை சத்தத்தைக் குறைத்துவிட்டு, வீடுகளை மட்டும் பாருங்கள். அடுப்பு, சுவர், தகரக் கூரை எல்லாம் உண்மையாக இருக்கின்றன. இரவில் பால் சொட்டும் தவறு அதில் இல்லை.

உங்கள் குறும்படத்துக்கு வருகிறேன். நம் ஊரின் பெயர் உலகச் செய்திக்குப் போனதே ஒரு கொலையால்தான். 1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு நீடித்தது. இறந்தவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. சுட்டவர்களைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். அன்று காலை நிரையில் நின்றிருந்தவர்கள், மங்கு வடித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன கேட்டார்கள், எப்படி வீடு திரும்பினார்கள் என்பது எங்கே இருக்கிறது?

அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பக்கத்துத் தோட்டத்தில், தன் அம்மாவுக்கு மங்கு துடைத்துக் கொடுக்கப் போயிருந்தார். 'தி லெட்டர்' பார்த்த அந்த இரவுவரை எனக்கு இது தெரியாது. படம் முடிந்ததும் அவராகவே பேசத் தொடங்கினார். கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஓடிவந்து எல்லோரையும் லயத்துக்குப் போகச் சொன்னது, யாரும் ஏன் என்று கேட்காதது, அன்று வடிக்காமல் விட்ட பால் மறுநாள் மங்கிலேயே உறைந்து புளித்துக் கிடந்தது, அந்த வாசனையை அவர் கடைசிவரை மறக்காதது. பேசப் பேச ஒரு பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டேன். பதினொரு பக்கம் வந்தது. அம்மா இப்போது இல்லை. நோட்டு என் மேசையில் இருக்கிறது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன். மாமின் கதையை வாசித்துவிட்டு வாருங்கள், 'தி லெட்டர்' வட்டு என்னிடம் உண்டு, சேர்ந்து பார்ப்போம். போகும்போது நோட்டை எடுத்துப் போங்கள்.